அநாதை ஆமென்

தெற்கே மாஓயாவில் தொடங்கி வடக்கே கற்பிட்டி முனை வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், நாள் தவறாமல் மிக அதிகமான வாய்கள் உச்சரிக்கும் பிறமொழிச் சொல் எது என்று கேட்டால் பலரும் ‘பொலிஸ்’ என்பார்கள், ‘டீசல்’ என்பார்கள், ‘போன்’ என்பார்கள். என் விடை வேறு. வென்னப்புவையிலும் மாரவிலையிலும் சிலாபத்திலும் தலவிலிலும் மாலைச் செபமாலை முடிகிறபோது அச்சொல் ‘ஆமென்’ என்று ஒலிக்கிறது. புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் மஃரிப் தொழுகையில் இமாம் பாத்திஹா அத்தியாயத்தை ஓதி நிறுத்தியதும் பின்வரிசைகளிலிருந்து அது ‘ஆமீன்’ என்று எழுகிறது. சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும், வேதக்காரரும் இசுலாமியரும் ஒரே சொல்லைத்தான் இரு விதமாக ஒலிக்கிறார்கள். அது எபிரேயச் சொல். எபிரேயம் பேசும் குடி ஒன்றுகூட இல்லாத கரையில் அந்த மொழியின் ஒரு சொல் இப்படி ஊன்றி நிற்கிறது.

இச்சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. காரணம் பக்தி அன்று. இக்கரையில் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நடந்த இரண்டு கொடுமைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இச்சொல்லே குறுக்கே வந்து நிற்கிறது.

முதலில் ஒரு வேடிக்கையை ஒதுக்கிவிடுவோம். ‘ஆமென்’ என்பது ‘ஆம் என்’ என்ற தமிழ்த் தொடரே, எபிரேயர் நம்மிடமிருந்துதான் பெற்றார்கள் என்று மேடைகளில் முழங்குபவர்களை நான் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டு உறவு கொண்டாடினால் உலகில் எல்லா மொழியும் எல்லா மொழிக்கும் சம்பந்தி ஆகிவிடும். ஆமென் என்பதன் வேர் எபிரேயத்தின் மூன்று மெய்யெழுத்துகளான அலெப், மேம், நூன். செமித்திய மொழிகளில் சொற்கள் இவ்வாறே மூன்று மெய்களிலிருந்து கிளைக்கின்றன. இவ்வேரின் அடிப்படைப் பொருள் உறுதி, அசையாமை, நம்பிச் சாயக்கூடிய தன்மை.

எபிரேய வேதத்தில் இவ்வேர் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் அதன் சுவை தெரியும். போர்க்களத்தில் மோசேயின் கைகள் சோர்ந்து விழாதபடி இருவர் தாங்கிப் பிடிக்க, கதிரவன் மறையும் வரை அவை நிலைநின்றன என்று சொல்லும் இடத்தில் வரும் சொல் இவ்வேரினது. தாய் தந்தைக்குப் பதிலாகக் குழந்தையை ஏந்தி வளர்ப்பவருக்குப் பெயர் இவ்வேரினது. ரூத்தின் பிள்ளையை மடியில் ஏந்திய நகோமியை அப்பெயராலேயே சொல்கிறார்கள். கதவு நிலைக்காலுக்கும் இவ்வேரிலிருந்து ஒரு சொல் உண்டு. ஏசாயாவின் நூலில், உறுதியான இடத்தில் அறையப்பட்ட முளை என்று ஓர் உவமை வருகிறது. வீட்டுப் பாத்திரங்கள் அனைத்தையும் அதில் மாட்டுகிறார்கள். பின்னர் அம்முளை பிடுங்கிக்கொள்ள, மாட்டியிருந்த பாரம் முழுவதும் கீழே விழுகிறது. அங்கே ‘உறுதியான’ என்பதற்குரிய எபிரேயச் சொல் ஆமென்னின் உடன்பிறப்பு. கரையில் படகைக் கட்டிவிட்டு உறங்கப் போகிறவனுக்கு இவ்வுவமையை விளக்கவேண்டிய தேவையே இல்லை. முளை நிற்குமா என்பதுதான் அவனுடைய இரவு.

இன்றைய எபிரேயத்தில் இக்குடும்பம் தெருவெங்கும் பரவியிருக்கிறது. நம்மவர் ‘மெய்யாகவா?’ என்று வியப்பது போல இசுரேலில் ஒருவர் ‘பெஎமெத்?’ என்று கேட்கிறார். ‘எமெத்’ என்னும் மெய்யும் இவ்வேரிலிருந்தே வந்தது. நம்பிக்கை, விசுவாசி, நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை எல்லாம் இவ்வேர்தான். விளையாட்டு வீரரைப் பயிற்றுவிப்பவருக்கும் இவ்வேரிலிருந்தே பெயர். ஆமென் என்பதும் ஆலயத்துக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. நோயாளி விரைவில் தேறட்டும், மகளுக்கு நல்லபடியாகத் திருமணம் நடக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, அருகிலிருப்பவர், மதப்பற்றே இல்லாதவராயினும், ‘ஆமேன்’ என்கிறார். அவர்கள் இரண்டாம் உயிரை நீட்டியே சொல்கிறார்கள். பிறர் சொன்னதற்கு விடையாகவே அது அங்கே வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நம் அகராதிகள் ஆமென் என்பதற்கு ‘அப்படியே ஆகுக’ என்று பொருள் போட்டிருக்கின்றன. இது பிழை என்று சொல்லமாட்டேன். பாதி என்று சொல்வேன். எபிரேய வேதத்தைப் பழங்காலத்தில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பெரும்பாலான இடங்களில் ஆமென் என்பதை ‘ஆகுக’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லால் பெயர்த்தார்கள். அங்கிருந்துதான் இது வேண்டுகோளாக மாறத் தொடங்கியது. வேண்டுகோளில் பொறுப்பு முழுவதும் இறைவன் தலையில். எபிரேய மூலத்திலோ, ஆமென் சொல்பவன் தன் கையொப்பத்தை இடுகிறான்.

மோசேயின் ஐந்து நூல்களில் ஆமென் இரண்டே சந்தர்ப்பங்களில் வருகிறது. இரண்டும் வாழ்த்துக்கு அன்று, சாபத்துக்கு! அவற்றுள் ஒன்றில் லேவியர் ஒவ்வொரு சாபமாக உரக்கக் கூறுகிறார்கள்: அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துபவன், குருடனை வழிதப்பச் செய்பவன், அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் நீதியைப் புரட்டுபவன் என்று நீளும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் மக்கள் அனைவரும் ஆமென் சொல்லவேண்டும், மொத்தம் 12 முறை. நான் இதைச் செய்தால் இச்சாபம் என்மேல் விழட்டும் என்று ஒப்புக்கொள்வதே அங்கே ஆமென். இன்னோரிடத்தில், பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு பிடித்து வட்டி வாங்கிய செல்வர்களைக் கூட்டி, அனைத்தையும் திருப்பிக் கொடுக்கும்படி நெகேமியா கட்டளையிடுகிறார். ஆணை வாங்கி, தம் மடியை உதறிக் காட்டி, வாக்குத் தவறுபவன் இப்படி உதறப்படுவான் என்கிறார். சபை முழுவதும் ஆமென் என்கிறது. முதலாளியிடம் முற்பணம் வாங்கிப் பிடித்த மீனையெல்லாம் அவர் சொன்ன விலைக்கே கொடுத்துக் கடனை அடைக்க முடியாமல் திணறும் தொழிலாளி எந்தக் கரையிலும் உண்டு. அப்படிப்பட்ட கரையில் ஞாயிறு பூசைக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து ஆமென் சொல்லும் முதலாளிமார் இப்பகுதியைப் படித்துப் பார்க்கலாம்.

யூத மறைநூலறிஞர்களின் தொகுப்பான தல்மூத், ஆமென் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று அடங்கியிருக்கின்றன என்கிறது: ஆணை, ஏற்பு, உறுதிப்பாடு. இவற்றுள் எதுவும் வெறும் முற்றுப்புள்ளி இல்லை.

அதே தல்மூத்தில்தான் என் மனத்தைவிட்டு அகலாத ஒரு சொற்றொடர் வருகிறது. ஆமென் சொல்லும் முறையில் கூடாதவை எவை என்று அங்கே வகுக்கிறார்கள். அவசரத்தில் பறித்துக்கொண்டு சொல்வது கூடாது. வாலறுத்துச் சொல்வது கூடாது. அடுத்துச் சொல்கிறார்கள்: அநாதை ஆமென் கூடாது. அநாதை ஆமென் என்றால், ஓதப்பட்ட வாழ்த்து எது என்பதைக் கேளாமலே, எதற்கு விடை சொல்கிறோம் என்று அறியாமலே, சுற்றியிருப்பவர் சொல்வதைப் பார்த்துத் தானும் சொல்லும் ஆமென். பெற்றவர் இல்லாத பிள்ளை போல, கேட்ட சொல் இல்லாத விடை. அதைச் சொல்பவனின் பிள்ளைகள் அநாதைகளாவார்கள் என்று கடுமையான எச்சரிக்கையும் உண்டு.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் இன்னொரு செய்தியும் அதே தொகுப்பில் இருக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தொழுகைக்கூடம் மிகப் பெரியது. ஓதுபவரின் குரல் கடைசி வரை எட்டாது. ஆகவே நடுவே ஒரு மரமேடை அமைத்து, அதில் நின்றவர் ஆமென் சொல்லவேண்டிய தருணம் வந்ததும் கையிலிருந்த துணியை வீசிக் காட்டுவாராம். உடனே கூட்டம் முழுவதும் ஆமென் சொல்லுமாம். பின்வந்த உரைகாரர்கள் விடுவார்களா? காதில் விழாத வாழ்த்துக்குச் சொல்வது அநாதை ஆமென் ஆகாதா என்று கேள்வி எழுப்பினார்கள். அவர்களே விடையும் சொன்னார்கள்: அம்மக்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள்; குரல் எட்டாவிட்டாலும் எத்தனையாவது வாழ்த்து ஓதப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். துணி அசைந்தது என்பதற்காக மட்டும் வாய் திறந்தவர்கள் அல்லர் அவர்கள். பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் நான் படித்த காலத்தில் உரையாசிரியர்களின் இத்தகைய நுணுக்கங்களைக் கண்டு கொட்டாவி விட்டதுண்டு. இன்று இந்த ஒரு விடையை எண்ணி வியக்கிறேன்.

பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய மடலில் இதே பொருளைத் தொடுகிறார். நீ அறியாத மொழியில் நன்றி செலுத்தினால், பக்கத்தில் நிற்பவனுக்கு நீ சொல்வது விளங்காதபோது அவன் எப்படி ஆமென் சொல்வான் என்பது அவர் எழுப்பும் கேள்வி. அக்கேள்விக்கு இக்கரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் விடையளிக்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) கூடும் வரை பூசை இலத்தீனில் நடந்தது. மீனவப் பெண்கள் முக்காட்டோடு முழந்தாளிட்டு, விளங்காத மொழிக்கு ஆமென் சொன்னார்கள். ஆனால் ஒரு நியாயம் சொல்லவேண்டும். செபங்களும் பாடல்களும் ஞானோபதேசமும் அவர்களுடைய மொழியில் கிடைத்தன. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் 1705இல் இலங்கைக்கு வந்த கோவைக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல் நூலாக எழுதித் தள்ளியது இதற்காகத்தான். (கோவை என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் கோயம்புத்தூரை நினைப்பார், நான் சொல்வது போர்த்துக்கேயரின் கோவாவை.) 1742இல் அவர் உயிர் நீத்த இடம் இம்மாவட்டத்துப் போலவத்தை. விளங்கிய பின்பே ஆமென் என்பது அவருடைய கட்சி என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இலத்தீன் போயிற்று, இன்னொரு சிக்கல் வந்தது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கரையோரக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினர் சில தலைமுறைகளுக்கு முன் தமிழ் பேசியவர்கள். பள்ளிக்கூட மொழியும் கோயில் மொழியும் சிங்களமாக, வீட்டு மொழியும் மெல்ல மாறியது. பாட்டி தமிழில் செபிக்க, பேத்தி சிங்களத்தில் செபிக்கும் வீடுகளை அக்கரையில் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் பொதுவாக எஞ்சிய சொற்கள் சில. அவற்றுள் கடைசிச் சொல் ஆமென்.

உடப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறையாகும். திரௌபதை அம்மனை வழிபடும் அத்தமிழ்க் கிராமத்தில் எவரும் ஆமென்னும் சொல்வதில்லை, ஆமீனும் சொல்வதில்லை. ஆனால் கரைவலை இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாவைக் கேட்டவர்களுக்கு ஆமென் எப்படிப் பிறந்திருக்கும் என்பது புரியும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, வடத்தைப் பற்றி நிற்கும் மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிச் சொல்கிறார்கள். அவ்விடையோடு சேர்ந்து கையும் இழுக்கிறது. வாயால் விடை சொல்லிக் கையால் இழுக்காதவன் அங்கே ஒரு நாளும் தாக்குப்பிடிக்க முடியாது.

இனி ஆமீன். அரபு இலக்கண ஆசிரியர்கள் இதற்கு ‘ஏற்றுக்கொள்வாயாக’ என்று பொருள் கூறுவர். குர்ஆனின் மூலத்தில் அச்சொல் இல்லை. பாத்திஹாவை ஓதி முடித்தபின் சொல்லப்படுவது. உரக்கச் சொல்வதா, மனத்துக்குள் சொல்வதா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. இலங்கை முசுலிம்களில் பெரும்பான்மையினர் ஷாபிஈ வழியினர். அவர்கள் உரக்கச் சொல்வார்கள். ஹனபி வழியினர் மெல்லச் சொல்வார்கள். இதென்ன பெரிய விடயம் என்று எண்ணவேண்டாம். காசியில் ஒரு பள்ளிவாசலில் சிலர் ஆமீனை உரக்கச் சொன்னது பிறர் தொழுகைக்கு இடையூறு என்று குற்றவியல் வழக்காகி, 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதி சையத் மகமூத் அவ்வழக்கில் நீண்ட தீர்ப்புரை எழுதினார். இச்சொல் அரபிக்கும் எபிரேயத்துக்கும் உரியது, முசுலிம்களும் கிறித்தவர்களும் தொழுகையில் வழங்குவது என்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். ஒரு சொல்லைப் பற்றித் தீர்ப்பு எழுதுமுன் அச்சொல்லின் பொருளைத் தேடிப் பார்த்த நீதிபதி அவர்.

அலெப், மேம், நூன் என்ற அதே வேர் அரபியிலும் தழைத்தது. ஈமான், முஃமின், அமீன் எல்லாம் அதன் கிளைகள். நபிகளாரை மக்காவாசிகள் ‘அல் அமீன்’, நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தார்கள். அப்பெயரில் எத்தனையோ பாடசாலைகள் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டளையோடு வாசலுக்கு வந்து நிற்கும் அமீனாவும் இக்குடும்பத்தவரே. அவரைக் கண்டால் நடுக்கம் வருமேயன்றி நம்பிக்கை வருமா என்பது வேறு. இக்கிளைகளுள் எனக்கு மிகப் பிடித்தது முசுலிம் தமிழில் வழங்கும் ‘அமானிதம்’. ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். ஒப்படைத்தவர் திரும்பி வரும் வரை அதற்கு எந்தக் குறையும் நேரக்கூடாது. பொருள் மட்டுமன்று, சொன்ன இரகசியமும் அமானிதம், ஏற்ற பதவியும் அமானிதம்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முசுலிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் பலர் படகுகளில் ஏற்றப்பட்டுக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். கையில் அனுமதிக்கப்பட்டது உடுத்த உடையும் சிறு தொகையும். வீடு, கடை, தோணி, தென்னை, நகை யாவும் பின்னே நின்றன. அவை அனைத்தும் தமிழராகிய எங்களிடம் விடப்பட்ட அமானிதம் என்றே நான் கருதுகிறேன். அவர்கள் விரும்பி ஒப்படைக்கவில்லை என்பதால் அதன் கனம் குறைந்துவிடாது.

அந்த ஒலிபெருக்கி அறிவிப்புக்குத் தமிழர்கள் ஆமென் சொன்னார்களா? வாய் திறந்து சொன்னவர் சிலரே. அழுதவர்கள் உண்டு, இரகசியமாக உதவியவர்களும் உண்டு. துப்பாக்கிக்கு முன் மறுத்துப் பேச எவராலும் முடிந்திருக்காது என்பதையும் அறிவேன். ஆனால் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. தல்மூத்திலும் கிட்டத்தட்ட அதே கருத்து உண்டு. துப்பாக்கி இல்லாத ஊர்களில், கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் தொராண்டோவிலும், அந்த மௌனம் ஏன் அத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதற்கு ஏற்கத்தக்க விடை எதையும் இதுவரை நான் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது புத்தளம். உள்ளூரவருக்கே போதாத கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பிரசவ விடுதியையும் பகிர்ந்துகொண்டது. அதில் உரசல்களும் எழுந்தன. மேடைகளில் நாம் நன்றி கூறும் ஊர்களின் பட்டியலில் புத்தளம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவது கொடுமை 2019இல். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. மாஓயாவுக்குத் தெற்கே, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே அதிகாரிகளிடம் வந்திருந்தது. அவர்கள் தம் கடமையில் தவறினார்கள் என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. அநாதை ஆமென் கேளாதவனின் விடை. இவர்களோ கேட்டும் விடை சொல்லாதவர்கள். அதற்குத் தல்மூத்தில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்றாம் வாரம், மே 12, ஞாயிற்றுக்கிழமை, சிலாபம். முகநூலில் ஒருவர் சிங்களத்தில், எங்களை அழவைப்பது கடினம் என்ற கருத்தோடு, முசுலிம்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றையும் சேர்த்து எழுதுகிறார். சிலாபத்து முசுலிம் கடைக்காரர் ஒருவர் அதற்குப் பதிலாக உடைந்த ஆங்கிலத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் ஒற்றை வரி எழுதுகிறார். நம் வீடுகளில் குறும்பு செய்யும் பிள்ளையிடம் பாட்டி தினமும் சொல்வதுதான். ஆனால் கட்டுவாப்பிட்டியின் குருதி காயாத நேரம். அந்த ஒரு வரி, அதற்கு முந்திய வரியிலிருந்து பிய்க்கப்பட்டு, ஊர் முழுவதும் பரவியது. இன்னொரு குண்டு வரப்போகிறது என்ற அறிவிப்பாக அது படிக்கப்பட்டது. கூட்டம் கூடியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் கல்லடிபட்டது, ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் வன்முறை குருநாகல், கம்பகா மாவட்டங்களுக்குப் பரவியது. இம்மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் தம் பட்டறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பெற்ற ஊருக்கும் அந்த முகநூல் வரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அச்சம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவ்வாண்டு சனவரியிலேயே இம்மாவட்டத்து வனாத்தவில்லுவில் வெடிபொருட் பதுக்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டிருந்தது. பிணங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களிடம் மொழியாராய்ச்சி செய்யுங்கள் என்று எவரும் உபதேசிக்க முடியாது. ஆனால் சிலாபத்துச் சந்தியில் கல்லோடு நின்றவர்களில் எத்தனை பேர் அந்த வரியைத் தாமே படித்திருப்பார்கள்? படித்தவர்களில் எத்தனை பேர் அது எதற்கு விடையாக எழுதப்பட்டது என்று பார்த்திருப்பார்கள்? துணி அசைந்தது, கூட்டம் ஆமென் சொன்னது. அலெக்சாந்திரியாக்காரர்கள் செய்தது போல எண்ணிப் பார்த்தவர்கள் அங்கே இல்லை. அந்த ஆமென் உண்மையிலேயே சில வீடுகளில் அநாதைகளை உண்டாக்கிவிட்டது.

கல்லெறிந்தவர்களை மட்டும் குற்றம் சொல்லி என் தொழிலைக் காப்பாற்றமாட்டேன். அதே மே மாதம் 23ஆம் நாள் சிங்கள நாளிதழ் ஒன்று, முசுலிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. பெயர் சொல்லவில்லை, ஆதாரமும் சொல்லவில்லை. மறுநாள் குருநாகல் வைத்தியர் ஒருவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. முதற்பக்கத்தில் வந்தது முதற்பக்கத்திலேயே திரும்பப் பெறப்படுவது எங்கள் உலகில் அரிது. யாரோ கொடுத்த அறிக்கையை, எவரையும் கேளாமல், தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்புவதும் அநாதை ஆமென்தான். தமிழ்ப் பத்திரிகைகள் இதில் சளைத்தவை அல்ல. ‘ஆமாம் சாமி’ என்ற பட்டம் தமிழில் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது.

இசுலாமியர் தரப்பிலும் ஒரு சொல். சில மேடைகளில் பிற சமயத்தாரைப் பழித்து நடந்த பயான்களுக்கும், அவற்றின் இறுதியில் ஓதப்பட்ட துஆக்களுக்கும், கேட்டும் கேளாமலும் ஆமீன் சொல்லிவிட்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. எச்சரித்த மௌலவிமாரும் உண்டு. எச்சரித்தவர்களின் பேச்சை அரசும் கேட்கவில்லை, அண்டை அயலாரும் கேட்கவில்லை.

ஆமென் சொல்லவே கூடாது என்பதா? இல்லை. எரேமியாவிடம் கற்றுக்கொள்ளலாம். இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பும் என்று அனனியா என்பவன் கூட்டத்தின் நடுவே அறிவிக்கிறான். எல்லாரும் கேட்க விரும்பிய செய்தி. அது பொய் என்பது எரேமியாவின் கருத்து. ஆயினும் அவர் அதை முழுவதும் கேட்கிறார். ஆமென், அப்படி நடந்தால் எனக்கும் மகிழ்ச்சியே என்கிறார். அதன் பிறகு, ஆனால் நான் சொல்வதையும் கேள் என்று தொடங்குகிறார். கூட்டம் அவருடைய பக்கம் இல்லை. அவர் நிறுத்தவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் மார்ச்சிலும், பின்னர் சூலை ஆகத்து மாதங்களிலும் பெருந்திரளாக மக்கள் வருகிறார்கள். அன்னா என்பதும் எபிரேயப் பெயர்தான். அருள் என்று பொருள். மரியாளின் தாயை, இம்ரானின் மனைவி என்று இசுலாமியரும் போற்றுகிறார்கள். அங்கே கத்தோலிக்கர் அல்லாதவரும் வருவர்; பூசை சிங்களத்திலும் தமிழிலும் நடக்கும். அந்தச் சனத்திரளில் பிள்ளை தொலைந்துபோனால், பெற்றவர் எந்த மொழிக்காரர் என்று தெரியாததால் ஒலிபெருக்கி இரண்டு மொழியிலும் கூவும். பிள்ளையின் சட்டை நிறம் என்ன, எங்கே நிற்கிறது, யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். சிலாபம் மறைமாவட்டத்தாரிடமும் புத்தளம் பள்ளிவாசல்களின் நிருவாகத்தாரிடமும் என் வேண்டுகோள் இவ்வளவே: ஊரில் ஒரு வதந்தி கிளம்பும் அன்று, அதே ஒலிபெருக்கியை, அதே இரு மொழிகளில், அதே விவரத்தோடு திறந்துவிடுங்கள். எழுதியது யார், எந்த மொழியில், எதற்கு விடையாக என்பதை முதலில் வாசித்துக் காட்டுங்கள். ஆமென்னோ ஆமீனோ அதன் பிறகு வரட்டும்.